சூறாவளியும் திருத்தமும்: சிவஞான முனிவரின் இலக்கண மறுப்புகள்

திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் (இ. 1785) 'எடுத்து' என்னும் ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்டத் தனி நூல் இயற்றி, அதற்கு 'வைரக்குப்பாயம்' எனப் பெயரிட்டவர். ஒரு சொல்லைக் காக்க வைரத்தால் கவசம் செய்த அவரே பிறர் நூலின்மீது சூறாவளியையும் ஏவினார். இவ்விரு பெயர்களும் அவரது புலமை மனநிலையை ஒருவாறு உணர்த்துகின்றன.

சூறாவளிக்கு இலக்கானது திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கம். 17ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்நூல் எழுத்து, சொல், பொருள் மூன்றையும் ஒருங்கே கூறுவதால் 'குட்டித் தொல்காப்பியம்' எனப் போற்றப்பட்டது. தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் நூற்பாக்கள் பலவற்றை அது அப்படியே எடுத்தாள்கிறது. ஆசிரியரே உரையும் வரைந்துள்ளார். முனிவரின் 'இலக்கண விளக்கச் சூறாவளி' அந்நூற்பாக்களையும் உரையையும் எடுத்துக்காட்டி மறுத்துச் செல்கிறது. மறுமொழி கூற வைத்தியநாத தேசிகர் அப்போது உயிருடன் இல்லை.

நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் வரைந்த உரையில் முனிவர் நடந்துகொண்ட முறை இதற்கு முற்றிலும் வேறானது. ஊற்றுமலை மருதப்பத் தேவர் வேண்ட எழுந்த அவ்வுரையில் அவர் வேண்டியவிடத்துத் திருத்தியும் கூட்டியும் 'புத்தம்புத்துரை' ஆக்கினார். அங்கே கண்டனமும் இல்லை, கடுஞ்சொல்லும் இல்லை.

இவ்வேறுபாட்டை மடச் சார்பால் விளக்குவது எளிது. சங்கர நமச்சிவாயரின் ஆசிரியர் சுவாமிநாத தேசிகர் திருவாவடுதுறை மடத்தவர். ஆயினும் அவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை. தமிழுக்கே உரிய எழுத்துகள் ஐந்தே எனக் கொண்டு, இருமொழிக்கும் இலக்கணம் ஒன்றே என இலக்கணக்கொத்தில் வாதிட்டவர் சுவாமிநாத தேசிகர். முனிவரின் தொல்காப்பியச் சூத்திர விருத்தியோ இதற்கு நேர்மாறான முடிவைத் தருகிறது. பாயிரத்தில் வரும் 'முந்துநூல்' எது என்னும் வினாவில் அவர் நெடிது நிற்கிறார். தமிழ்ப் புணர்ச்சி, வினைக்குறிப்பு, வினைத்தொகை, திணைப் பாகுபாடு, அகம் புறம் என்னும் பொருட்பகுதி, வெண்பா முதலிய செய்யுளிலக்கணம் ஆகியவை வடமொழியில் காணப்படாதவை. ஆகவே தொல்காப்பியருக்கு முன்பே தமிழில் முதனூல் இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. ஒரு சொல்லின் பொருளை வரையறுக்கும் முயற்சி இங்கே மொழியின் தனித்தன்மை பற்றிய வாதமாக விரிகிறது. தம் மடத்து முன்னோரின் கொள்கை என்பதற்காக முனிவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எனவே வேறுபாட்டின் காரணத்தை நூல்வகையில் தேடுவதே தகும். சங்கர நமச்சிவாயருடையது உரை, மூலத்துக்கு அடங்கியது, திருத்தத்தக்கது. வைத்தியநாத தேசிகரோ முன்னோர் நூற்பாக்களைக் கொண்டே புதியதொரு மூலத்தை அமைத்தார். அதனை ஏற்பின் பழைய நூல்களின் இடம் ஐயத்துக்குள்ளாகும்.

மென்மையான முறை தீங்கற்றது என்றும் கூறுவதற்கில்லை. சூறாவளி எதிராளியின் கூற்றை வெளிப்படையாகக் காட்டி மோதுகிறது. விருத்தியுரையிலோ எது யாருடையது என்னும் எல்லை மறைந்தது. உ.வே.சாமிநாதையர் சங்கர நமச்சிவாயர் உரையைத் தனியே பதிப்பித்த பின்னரே இரண்டையும் ஒப்பிட்டுக் காண வழி ஏற்பட்டது.

அச்சுக்காலம் வைத்தியநாத தேசிகருக்கு மேலும் ஒரு பின்னடைவைத் தந்தது. 1879இல் மறைந்த ஆறுமுக நாவலர் சூறாவளியைப் பதிப்பித்திருந்தார். சி.வை.தாமோதரம் பிள்ளையின் இலக்கண விளக்கப் பதிப்பு வந்ததோ 1889இல். இடைப்பட்ட ஆண்டுகளில் நாவலர் பதிப்பைப் படித்தோர் பலர், மறுக்கப்பட்ட நூலை மறுப்பின் வழியாகவே அறிந்திருக்கக்கூடும்.