இரண்டு மொழியும் சுருங்கும் மூளையும்

ஸ்காபரோவிலிருந்து இந்த நேரலையைப் பார்ப்பவர்கள் பலருடைய வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருப்பார்கள். அவர்களின் மறதியோடு தொடர்புள்ள ஒரு ரொறொன்ரோக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

மூளை வயதாவதைப் பார்க்க முன்பெல்லாம் பிரேதப் பரிசோதனை மேசைதான் கதி. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைச் சி.ரி. ஸ்கான் எடுத்தது. பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. 2022இல் 123,984 எம்.ஆர்.ஐ. படங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூளையின் சாம்பல்நிறப் பகுதி ஆறு வயதளவிலும் வெண்பகுதி இருபத்தொன்பது வயதளவிலும் உச்சம் தொட்டுப் பிறகு குறைகிறது. ஆக, சுருக்கம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒருவர் பேரப்பிள்ளையின் பெயரை மறக்கிறார், இன்னொருவர் மறப்பதில்லையே, ஏன்?

யோர்க் பல்கலைக்கழகத்தின் எலன் பியலிஸ்டொக், கிரெய்க், ஃபிரீட்மன் மூவரும் 2007இல் பேக்ரெஸ்ட் நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 184 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இருமொழியாளர்களிடம் மறதிநோயின் அறிகுறி சராசரியாக 4.1 ஆண்டுகள் பிந்தியே தொடங்கியிருந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2012இல் வெளியான சென்ற் மைக்கேல்ஸ் மருத்துவமனை ஆய்வு. அல்சைமர் உள்ள இருபது ஒருமொழியாளர், இருபது இருமொழியாளர். படிப்பும் சோதனைப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒன்று. சி.ரி. படத்திலோ இருமொழியாளரின் மூளைதான் கூடுதலாகச் சுருங்கியிருந்தது! நோய் அவர்களை விட்டுவைக்கவில்லை. அவ்வளவு இழந்த பிறகும் மூளை சமாளித்திருக்கிறது.

2007 ஆய்வின் இருமொழியாளர்களில் பெரும்பாலோர் குடியேறியவர்கள். பலன் மொழியாலா, குடிபெயர்ந்தவர்களின் உடல் உரத்தாலா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2013இல் சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்தபோது 4.5 ஆண்டுத் தாமதம் தெரிந்தது. அங்கே இருமொழி பேச யாரும் கடல் கடக்கவில்லை; தெலுங்கும் உருதும் தெருவிலேயே கலந்திருக்கின்றன. பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் தாமதம் இருந்தது. ஆனால் நலமாக இருப்பவர்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த சில ஆய்வுகளில் இந்தத் தாமதம் கிடைக்கவில்லை. எனவே தமிழும் ஆங்கிலமும் தெரிந்தால் மறதி வராது என்று வட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

எனக்குக் கவலை வேறு. எங்கள் பெரியவர் ஓரளவு நன்றாகவே பேசுவார், வைத்தியரின் சோதனையிலும் தப்பிவிடுவார். உள்ளே சேதம் முற்றியிருக்கலாம். மறுபுறம், ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் நலமாக இருப்பவரும் தடுமாறுவார். சோதனைக்குப் போகும்போது எந்த மொழியில் கணக்குப் பார்ப்பார், எந்த மொழியில் கோபிப்பார் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள்.