பழைய குங்ஃபூ படம் '4கே'ன்னு போட்டாலே தெளிவா இருக்குமா? கண்டுபிடிக்க 4 வழிகள்

புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' படத்தை விசிடியில் பார்த்தவர்கள் நம்மூரில் நிறைய பேர். 1973-ல் வெளியான அந்தப் படம், 50-ஆம் ஆண்டையொட்டி 2023-ல் 4கே டிஸ்க்காக வந்தது. இதேபோல பல பழைய சண்டைப் படங்கள் டிஸ்க்கிலும் ஓடிடியிலும் 'புதுப்பிக்கப்பட்டது' என்ற லேபிளோடு வருகின்றன. காசு கொடுக்கும் முன், படம் உண்மையிலேயே நல்லா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பார்க்கலாம்.

4கே என்றால் என்ன?

ஒரு விசிடி படத்தில் சுமார் 1 லட்சம் புள்ளிகள்தான். டிவிடியில் 4 லட்சம், ப்ளூ-ரேயில் 20 லட்சம், 4கேயில் சுமார் 83 லட்சம். ஆனால் பழைய டிவிடி பிரதியையே இழுத்துப் பெரிதாக்கினாலும் புள்ளிக் கணக்கு 4கேதான். அதனால் லேபிளைவிட முக்கியமான கேள்வி: ஒரிஜினல் ஃபிலிம் நெகட்டிவை மறுபடியும் ஸ்கேன் செய்தார்களா? 35 எம்எம் நெகட்டிவில் டிவிடிக்கு எட்டாத விவரங்கள் நிறைய இருக்கு.

1. முகத்தைப் பாருங்க

குளோசப் காட்சியில் படத்தை நிறுத்துங்க. வியர்வை, தாடி முடி, தோலின் சுருக்கம் தெரியுதா? முகம் மெழுகு பொம்மை மாதிரி வழுவழுன்னு இருந்தால் உஷார். ஃபிலிமில் பொடிப்பொடியாகத் தெரியும் 'கிரெயின்' அழுக்கு அல்ல. படமே அந்தத் துகள்களால் ஆனதுதான். அதைத் துடைக்கும் சாஃப்ட்வேர், விவரத்தையும் சேர்த்தே துடைத்துவிடும்.

இதைப் புரிஞ்சுக்க விழுப்புரம் மாவட்டத்தின் பனமலை நல்ல உதாரணம். 8-ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் அங்கே இருக்கு. அதன் சுவரில் குடையின் கீழ் நிற்கும் பார்வதி ஓவியம் நிறைய அழிந்துவிட்டது. ஆனால் மிச்சமிருக்கும் கோடுகள் பல்லவ காலத்து ஓவியன் போட்டவை. அதன் மேல் புது பெயிண்ட் அடித்தால் பளிச்சுன்னு இருக்கும், அந்தக் கோடு போயிடும். பழைய படத்தை அளவுக்கு மீறி 'சுத்தம்' செய்தாலும் நடப்பது இதுதான்.

2. ஓரங்களைப் பாருங்க

'என்டர் தி டிராகன்' அகலத்திரைப் படம். டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. திரை முழுக்க நிரம்பி வந்தால், பக்கவாட்டில் சுமார் கால்வாசிப் படம் வெட்டுப்பட்டிருக்கும். சண்டையில் இந்த ஓரம் ஒருத்தர், அந்த ஓரம் ஒருத்தர் நிற்பார்கள். வெட்டினால் யார் யாரை அடிக்கிறார்னே தெரியாது.

3. உதையைப் பாருங்க

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பல டிவிகள் நடுவில் தானாகவே ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும். அப்போ படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும், வீசும் காலைச் சுற்றி கலங்கலா தெரியும். இது படத்தோட குறை இல்லை, டிவி செட்டிங்தான். 'மோஷன் ஸ்மூத்திங்'கை ஆஃப் பண்ணுங்க, அல்லது 'சினிமா', 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாத்துங்க. ஓடிடியில் வேகமான அடி வரும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், பெரும்பாலும் நெட் வேகம் போதவில்லை என்று அர்த்தம். 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் அல்லது அதற்கு மேல் வேண்டும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ்.

4. இருட்டையும் நிறத்தையும் பாருங்க

ராத்திரிக் காட்சியில் கறுப்பு உடையின் மடிப்பு தெரியணும். எல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாக இருந்தாலும், சாம்பல் பூத்தது மாதிரி வெளிறிப் போயிருந்தாலும் சரியில்லை. தோலின் நிறம் எல்லாக் காட்சியிலும் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ அடித்தால், நிறத்தை இஷ்டத்துக்கு மாத்தியிருக்க வாய்ப்பு அதிகம். 'என்டர் தி டிராகன்' கிளைமாக்ஸில் வரும் கண்ணாடி அறைச் சண்டை இதற்கு நல்ல டெஸ்ட். ஒவ்வொரு பிம்பமும் தனித்தனியாகத் தெரியணும்.

ஏன் இவ்வளவு கவனம்?

அந்தப் படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வரும் முன்பே, 1973 ஜூலை 20-ல் 32 வயதில் புரூஸ் லீ இறந்துவிட்டார். அவர் உடம்பின் வேகமும் தசையின் அசைவும் இன்று மிச்சமிருப்பது ஃபிலிமில்தான். அதைத் துடைத்தால் திரும்ப எடுக்க ஆள் இல்லை.

மொபைல் திரையில் இந்தக் குறைகள் பலதும் மறைஞ்சிடும். அதனால் வாங்கும் முன் டிரெய்லரையோ இலவசக் காட்சியையோ டிவியில் போட்டு, ஒரு முகம், ஒரு உதை, ஒரு இருட்டுக் காட்சி பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.