‘ஓடிப்போனவன்’ என்னும் பெயரும் அதனைத் துடைக்கும் முறையும்

உலகில் ஒருவனுக்கு ஒரு நாளில் இடப்பட்ட பெயர் அவன் வாழ்நாள் முழுவதும் அவனைத் தொடர்வதுண்டு. அது நற்பெயராயின் பிதிரார்ஜிதச் சொத்தைப்போல் அவன் மக்களுக்கும் பயன்படும். இழிபெயராயின் அடைபடாத கடனைப்போல் அவர்களையும் வருத்தும். படைத்தொழில் புரிவோர்க்கு இவ்வுண்மை ஏனையோரினும் மிகுதியாகப் பொருந்தும். உத்தரவின்றிப் படையை விட்டு அகன்ற ஒருவனுக்கு ‘ஓடிப்போனவன்’ என்னும் பெயர் எழுதப்பட்டுவிட்டால், அதனைத் துடைத்தற்கு வழி உண்டா, உண்டாயின் அவ்வழி எங்ஙனம் அமைந்தது என்பதை வரலாற்று முகத்தால் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய ஒரு செய்யுளின் பொருளை நம் அன்பர் பலரும் அறிவர். முதுமையால் தளர்ந்த தாயொருத்தியிடம், அவள் மகன் போரிற் புறங்காட்டினான் என்று பலர் வந்து கூறினர். அவள் சினந்து, அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என வஞ்சினங் கூறி, வாளேந்திப் போர்க்களஞ் சென்றாள். பிணங்களைப் பெயர்த்துத் தேடியபோது, சிதைந்து கிடந்த மகனுடலைக் கண்டு, அவனை ஈன்ற நாளினும் பெரிதும் உவந்தாள். இச்செய்யுளை வீரத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுதல் வழக்கம். யாம் இதில் வேறொன்றையும் காண்கின்றோம். பலர் ஒருமுகமாகக் கூறிய சொல் பொய்யாய் முடிந்தது. அதனைப் பொய்யென்று காட்டியது, அத்தாய் தானே களஞ்சென்று ஆராய்ந்தமையே. அவள் வீட்டிலிருந்தே அழுதிருப்பாளாயின், அவ்வீரன் என்றும் புறங்காட்டினவனாகவே எண்ணப்பட்டிருப்பான்.

இங்ஙனம் களஞ்சென்று ஆராயும் கடமையை அரசாங்கமே மேற்கொண்டு, சட்டமாகவும் சபையாகவும் படிப்படியே அமைத்துக்கொண்ட நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடு குறிப்பிடத்தக்கது. ஆதலின் அந்நாட்டு வரலாற்றையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1861 முதல் 1865 வரை அந்நாட்டின் வடபகுதியாரும் தென்பகுதியாரும் தம்முட் பெரும்போர் நிகழ்த்தினர். நெடும்போராதலின், உத்தரவின்றி அகன்றோர் தொகை இரு படையிலும் மிகுந்தது. 1863 மார்ச்சுத் திங்களில் அதிபர் ஆபிரகாம் லிங்கன், ஏப்ரல் முதல் நாளுக்குள் படைக்குத் திரும்புவோர் தண்டிக்கப்படார் என விளம்பரஞ் செய்தார். 1865 மார்ச்சில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், திரும்பி வாராதவர் குடியுரிமைகளை இழப்பர் என்று விதித்தது. அதனையொட்டி லிங்கன் அம்மாதம் 11-ஆம் நாள், அறுபது நாளுக்குள் திரும்புவோர்க்கு மன்னிப்பு உண்டென மீண்டும் அறிவித்தார். ஒரு கையில் தண்டமும் மற்றொரு கையில் அருளும் ஏந்திய நிலை அது.

போர் முடிந்த பின்னரே உண்மைத் துன்பம் வெளிப்பட்டது. நோயுற்று வீடு சென்று குறித்த நாளில் மீளமாட்டாதாரும், போர் ஓய்ந்தது எனக் கருதி முறையான விடுதலைக்குக் காத்திராமல் ஊர் திரும்பினாரும் படைக் கணக்கில் ‘ஓடினார்’ என்றே எழுதப்பட்டிருந்தனர். 1890-இல் வந்த உபகாரச் சம்பளச் சட்டமோ, தொண்ணூறு நாளேனும் ஊழியஞ் செய்து மதிப்புடன் விலகினார்க்கே பொருளுதவி அளித்தது. மதிப்புடன் விலகிய பத்திரம் இல்லாதவனுக்கும், அவனுக்குப்பின் அவன் கைம்பெண்ணுக்கும், அவ்வுதவி இல்லை. ஒரு குமாஸ்தா எழுதிய ஒரு சொல், ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்க வல்லதாயிற்று.

இதனைக் கண்ட அந்நாட்டுச் சட்டசபையார் 1880-க்குப் பின் பல சட்டங்களை இயற்றினர். அவற்றுள் 1889 மார்ச்சு 2-ஆம் நாட் சட்டம் குறிப்பிடத்தக்கது. ஆறு திங்களேனும் ஊழியஞ் செய்து, 1865 மே முதல் நாள் வரை உண்மையாகப் படையில் நின்று, அதன்பின் அகன்றவர் பெயரிலிருந்து அக்குற்றச் சொல்லை நீக்கலாம் என்று அது வகுத்தது. காயத்தாலும் நோயாலும் ஊழியத்தை முடிக்கமாட்டாதார்க்கும் அதில் வழி இருந்தது. ‘அகன்றானா?’ என்னும் ஒரு கேள்வியோடு நில்லாமல், ‘எப்போது அகன்றான்? அதற்கு முன் யாது செய்தான்? யாது காரணத்தால் அகன்றான்?’ என்னும் கேள்விகளும் சட்டத்திற் புகுந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

எனினும் இச்சட்டங்களுக்குள் அடங்காதவன் சட்டசபையில் தன் பொருட்டுத் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. செல்வாக்கில்லாத ஏழைச் சிப்பாய்க்கு அஃது எட்டாக்கனியன்றோ? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இக்குறை பெருகியது. நீலத்தாளில் அச்சிட்ட ஒருவகை விலகற் பத்திரம் அக்காலத்தில் வழங்கியது. அது மதிப்புடையதும் அன்று, மதிப்பற்றதும் அன்று. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படையில் ஏறத்தாழ 48,000 பேர் இதனைப் பெற்றனர். அவர்களுள் நூற்றுக்கு 22 பேர் கறுப்பினத்தார். படையிலோ அவ்வினத்தார் நூற்றுக்கு 7 பேரினுங் குறைவு. கறுப்பினத்தாருடைய ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்னும் செய்தித்தாள் இவ்வநீதியை 1945-இல் எடுத்துக்காட்டிக் கிளர்ச்சி செய்தது. 1947-இல் அந்நீலத்தாள் ஒழிந்தது.

இதற்கிடையே இரண்டு கதவுகள் திறந்தன. 1944-ஆம் ஆண்டின் போர்வீரர் உதவிச் சட்டத்தின் 301-ஆம் பிரிவு, விலகற் பத்திரங்களை மறு ஆராய்ச்சி செய்யும் சபைகளை ஏற்படுத்தியது. விலகிய பதினைந்து ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். அவன் இறந்திருப்பின் மனைவியோ நெருங்கிய உறவினரோ செய்யலாம். பெரிய இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் விலக்கப்பட்டோர்க்கு மட்டும் அச்சபையில் இடமில்லை. 1946-இல் தனிச்சட்டம் வேண்டும் முறையை ஒழித்து, படைக் கணக்கிற் பிழையோ அநீதியோ இருப்பின் அதனைத் திருத்தும் உரிமையைப் படைத்துறைச் செயலர்க்கு அளித்தனர். அவர்க்காக ஆராய்பவர் படையினர் அல்லாத குடிமக்கள் அடங்கிய சபையார். பிழையைக் கண்டறிந்த மூன்றாண்டுக்குள் இச்சபைக்கு மனுச் செய்தல் வேண்டும். நீதியின் பொருட்டு அக்கெடுவைச் சபையார் தளர்த்தலும் உண்டு.

நிற்க. உத்தரவின்றி அகன்றிருத்தலும் படையைத் துறந்து ஓடுதலும் ஒன்றல்ல. 1950-இல் இயற்றப்பட்டு 1951-இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு இராணுவ நீதிச் சட்டத்தொகுதி இவற்றை வெவ்வேறு குற்றங்களாகவே வகுத்தது. மீண்டும் வாரேன் என்னும் உள்ளக் கருத்து இருந்தால் அது துறந்து ஓடுதல். அஃதின்றேல் அகன்றிருத்தல் மட்டுமே. ஆயினும் முப்பது நாள் கடந்தால் கணக்கில் ஓடினவனாகக் கொள்ளுதல் வழக்கம். உள்ளக் கருத்தை நாட்கணக்கால் அளக்கப் புகுந்தமையே பின்வந்த துன்பம் பலவற்றிற்கும் வித்தாயிற்று.

வியட்நாம் போர் இதனை நாடறியச் செய்தது. அகன்று பிடிபட்ட இளைஞர் பலர், நீதிமன்ற விசாரணைக்கு அஞ்சி, தாமே விலகுவதாகக் கையொப்பமிட்டு, மதிப்பில்லாத பத்திரத்துடன் வீடு சேர்ந்தனர். அப்பத்திரம் வேலைக்கும் கல்வியுதவிக்கும் மருத்துவத்திற்கும் தடையாகும் என்பதைப் பின்னரே உணர்ந்தார் பலர். 1974 செப்டம்பர் 16-ஆம் நாள் அதிபர் போர்டு ஒரு கருணைத் திட்டத்தை அறிவித்தார். இருபத்துநான்கு திங்கள் வரை பொதுநலப் பணி புரிந்தால் கருணைப் பத்திரம் கிடைக்கும் என்றார். தகுதியுடையார் ஏறத்தாழ 1,13,000 பேர். மனுச் செய்தவர் 22,000 பேருக்குங் குறைவு. அப்பத்திரம் சலுகை எதனையும் மீட்டுத் தராமையும் இதற்கு ஒரு காரணம் எனலாம். 1977 ஜனவரி 21-ஆம் நாள் அதிபர் கார்ட்டர் அளித்த மன்னிப்பும், படையிற் சேராமலே தவிர்த்தவர்க்கு ஆயிற்றேயன்றி, சேர்ந்து அகன்றவர்க்கு ஆகவில்லை. அகன்றவர்க்கென அவ்வாண்டே தனி மறு ஆராய்ச்சித் திட்டம் ஒன்று வந்தது. ஆனால் அக்டோபரில் சட்டசபையார் ஒரு வரம்பு கட்டினர். தொடர்ந்து 180 நாளோ அதற்கு மேலோ அகன்றிருந்தமையால் மதிப்பின்றி விலக்கப்பட்டவன், வலிய காரணம் காட்டினாலன்றிச் சலுகை பெறான் என்பது அது. குடும்பத்தில் நேர்ந்த இடர், அவன் வயது, கல்வி, வளர்ந்த சூழல், கடல்கடந்த போரில் அவன் பட்ட துன்பம் ஆகியவை அக்காரணங்களுள் எண்ணப்பட்டன.

1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம், போர் முதலிய கொடுந்துயரங்களால் உள்ளத்தில் நிலைத்து வருத்தும் நோயைத் தன் நூலிற் பெயரிட்டுச் சேர்த்தது. அதற்கு முன் விலக்கப்பட்டவனுடைய கோப்பில் அந்நோயின் பெயர் எங்ஙனம் இருக்கும்? இல்லாததைக் காட்டு என்றால் அவன் யாது செய்வான்? 2014 செப்டம்பர் 3-ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சர் ஹேகல், இத்தகையோர் மனுக்களைத் தாராள நோக்குடன் ஆராய்க எனச் சபைகளுக்குக் கட்டளையிட்டார். 2017 ஆகஸ்டில் வந்த விளக்கம் நான்கு கேள்விகளை வகுத்தது: குற்றத்தைத் தணிக்கக்கூடிய நோயோ அனுபவமோ அவனுக்கு இருந்ததா? அது படையில் இருந்த காலத்தில் நேர்ந்ததா? அது மெய்யாகவே குற்றத்தைத் தணிக்கின்றதா? விலக்கியதற்கான காரணத்தினும் அது கனம் உடையதா? உறவினர், நண்பர், சமய குருமார் எழுதும் கடிதங்களும் சான்றாகும் என்றும், சில இடங்களில் அவன் வாய்மொழியே போதும் என்றும் அது கூறியது.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழும். ‘துன்பம் எல்லார்க்கும் பொது, அஞ்சாது நின்றவனும் அகன்றவனும் ஒரே மதிப்புப் பெறுதல் தகுமோ?’ என்பதே அது. இதனை எளிதென்று தள்ளுதற்கில்லை. அருகில் நின்றவன் அகன்றமையால் உயிரிழந்தார் இருக்கலாம். அவர்தம் தாய்மார்க்கு யாது விடை கூறுவது? ஆயினும் இச்சபைகள் அகன்றது சரியென்று சொல்வதில்லை. பெரும்பான்மையும் மனுதாரனே தன் வழக்கை நிலைநாட்டல் வேண்டும். மறுக்கப்படும் மனுக்கள் பலப்பல. ஆராயாமல் தண்டித்தலும் ஆராயாமல் மன்னித்தலும் இரண்டும் பிழையே. நின்றவனுடைய பெருமை, அகன்றவனுடைய காரணத்தைக் கேட்பதாற் குறைவதில்லை.

இவ்வரலாற்றால் நம்மனோர் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, தாள்களைக் காத்தல். 1973 ஜூலை 12-ஆம் நாள் செயிண்ட் லூயி நகரப் படைப்பதிவு நிலையத்தில் நிகழ்ந்த தீவிபத்தில் 1 கோடியே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. அதன்பின் தம் வீட்டுப் பெட்டியில் பழைய கடிதத்தையும் பத்திரத்தையும் வைத்திருந்தவனே தன் வழக்கை நிலைநாட்ட வல்லவனானான். இரண்டாவது, எழுதத் தெரிந்தார் தெரியாதார்க்குத் துணையாதல். அமெரிக்காவில் போர்வீரர் சங்கங்களின் பிரதிநிதிகள் மனுதாரனோடு சபைமுன் தோன்றி அவன் பொருட்டுப் பேசுதற்குச் சட்டமே இடந்தருகின்றது. சங்கம் என்னும் பெயர் தாங்கிய நாமும், நம்மவருள் உபகாரச் சம்பளத்திற்கும் பிழை திருத்தத்திற்கும் அலையும் எளியோர்க்கு மனு எழுதித் தருவதைச் சங்கப்பணியாகவே கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, இவையனைத்தினும் சிறந்தது. ஊரை விட்டு அகன்றான், பெற்றோரைக் கைவிட்டான், கடனுக்கு ஒளிந்தான் என ஒருவனைக் குறித்துப் பலர் கூறும் சொல் நம் கூட்டங்களிலும் எழுவதுண்டு. அச்சொல்லைக் கேட்ட அளவிலே அவனையும் அவன் மக்களையும் ஒதுக்குதல் எளிது. நச்செள்ளையார் காட்டிய தாய் அங்ஙனம் செய்தாளல்லள். அவள் சினமும் பெரிது, வஞ்சினமும் பெரிது. ஆயினும் முதலில் களத்திற்கே சென்றாள். நாமும் அவ்வாறு சென்று காண்போமாக.