உறை என்ற சொல் போதாது

முன்பு ஒரு குறிப்பில் ஈனிகளை (லிகண்ட்) 'பாதுகாப்பு உறை' என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

உலோகக் கொத்து என்பது சில பத்து, மிஞ்சினால் சில நூறு அணுக்கள் சேர்ந்த துணுக்கு. சும்மா விட்டா ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிசாகிவிடும். அதைத் தடுக்க மேலே பிணைந்திருக்கும் மூலக்கூறுகள்தான் ஈனிகள். 1994-இல் புரூஸ்ட், ஷிஃப்ரின் குழுவினர் தயோல் போர்த்திய தங்கத் துகள்களைச் செய்ய எளிய வழி காட்டினார்கள். அப்போது பொதுவாக இருந்த சித்திரம்: உள்ளே உலோக உருண்டை, மேலே கந்தகச் சட்டை.

அது சரியா என்று பார்க்க நல்ல படிகம் வேண்டும். நான் நெல்லிக்குப்பத்துக்காரன், 1842-லிருந்து சர்க்கரை ஆலை ஓடும் ஊர். பாகு படிகமாக எவ்வளவு பக்குவம் வேணும்னு எங்களுக்குத் தெரியும். தங்கக் கொத்து அதைவிட அடம்பிடிக்கும்.

2007-இல் ஸ்டான்ஃபோர்டில் கோர்ன்பெர்க் குழு 102 தங்க அணுக்களும் 44 தயோல் ஈனிகளும் கொண்ட கொத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் அமைப்பைக் கண்டது. சட்டை சும்மா மேலே கிடக்கவில்லை! கந்தகம்–தங்கம்–கந்தகம் என்று ஸ்டேப்ளர் பின் மாதிரி, தங்க அணுக்களும் அந்தச் சட்டைக்குள்ளேயே கோத்திருந்தன.

2013-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோங்சாவ் ஜின் குழு இன்னும் ஒரு படி போனது. 38 தங்க அணுக் கொத்தின் தயோலை எடுத்துவிட்டு, பருமனான வேறொரு தயோலைச் சேர்த்தார்கள். ஈனிகளின் எண்ணிக்கை அதே 24. ஆனால் தங்கம் 36 ஆகிவிட்டது. உள் அடுக்கே மாறிவிட்டது.

அப்படியானால் எல்லாமே ஈனி கையில்தானா? நம்ம சென்னை ஐஐடியில் பிரதீப் குழு 2019-இல் வெளியிட்ட வெள்ளிக் கொத்துகள் இதற்குக் கடிவாளம் போடுகின்றன. 32 வெள்ளி அணுக்கள், 24 தயோல், 8 பாஸ்பீன் என ஒரே மாதிரி ஓடு. உள்ளே மட்டும் ஒன்றில் 8 வெள்ளி, இன்னொன்றில் 14. வெளித்தோற்றம் ஒன்று என்பதால் இரண்டும் ஒரே படிகத்தில் சேர்ந்தே அடுக்கியிருந்தன.

ஆக, ஈனி உள்ளே இருப்பதை மாற்றவும் செய்யும், மறைக்கவும் செய்யும். இரண்டு அணு கூடினாலோ குறைந்தாலோ நிறமும் ஒளிர்வும் மாறக்கூடிய அளவில், 'உறை' என்று சொல்லிவிட்டு நகர்வது தப்பு. பழைய குறிப்பில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.