பூச்சியம் என்னும் மயக்கம்: குடியை அளந்த வரலாறு

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் நிகழ்ந்த ஓர் ஆலோசனையை ஹதீஸ் நூல்கள் பதிந்து வைத்துள்ளன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலும், அபூபக்ர் (ரலி) அவர்கள் காலத்திலும் மது அருந்தியவருக்கு ஏறத்தாழ 40 அடிகள் தண்டனையாக வழங்கப்பட்டன. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் புதிய நாடுகள் வசமாயின, செழுமை மிகுந்தது, அதனுடன் குடியும் மிகுந்துவிட்டதென்ற செய்தி மதீனாவை எட்டியது. கலீஃபா அவர்கள் தோழர்களைக் கலந்து ஆலோசித்தார்கள். தண்டனை 80 அடிகளாக உயர்ந்தது.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் இந்நிகழ்ச்சியைத் தண்டனையின் அளவு பற்றிய விவாதத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நாம் இங்கே வேறொரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். குடி பெருகிவிட்டது என்பது எவ்வாறு அறியப்பட்டது? ஓர் அரசின் கொள்கை, மக்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்ற மதிப்பீட்டின்மீது நின்றது. அன்று அம்மதிப்பீட்டைத் தந்தவை படைத்தலைவர்களின் கண்களும் கடிதங்களுமே. பிற்கால அரசுகள் வரிக் கணக்கைக் கையில் எடுத்தன.

வரிக் கணக்கு எளிய கருவி. விற்ற பானங்களின் அளவைத் தூய ஆல்கஹாலாக மாற்றி, மக்கள் தொகையால் வகுத்தால் தலைக்கு இத்தனை லிட்டர் என்ற எண் கிடைக்கிறது. ஐந்து விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பீர் 100 லிட்டரும், 40 விழுக்காடு கொண்ட வோட்கா பன்னிரண்டரை லிட்டரும் இக்கணக்கில் ஒன்றே. இரண்டிலும் இருப்பது 5 லிட்டர் ஆல்கஹால். இவ்வெண்ணால் நாடுகளை ஒப்பிடலாம், ஆண்டுகளை ஒப்பிடலாம். ஆயினும் அந்த எண்ணைக்கொண்டு என்ன செய்வது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. குடியால் கெடுபவர் சிலரே. அவர்களைத் திருத்தினால் போதும், ஏனையோரின் அளவான குடியைப் பற்றி அரசுக்கு என்ன கவலை என்பதே பொதுக்கருத்தாக இருந்தது.

இக்கருத்தை அசைத்தவர் பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வாளர் சுல்லி லெடர்மன். இரண்டாம் உலகப்போரின்போது பாரிஸில் திராட்சை மது பங்கீட்டுக்கு உட்பட்டது. அவ்வாண்டுகளில் கல்லீரல் இறுக்க நோயால் நேர்ந்த சாவுகள் மிகக் கடுமையாகக் குறைந்தன. பங்கீடு நீங்கியபின் மீண்டும் ஏறின. நாட்பட்ட குடியரும் கிடைப்பது குறைந்தால் குறைத்தே குடிக்கின்றனர் என்பதை மருத்துவமனைகளின் பதிவேடுகளே காட்டின. 1956இல் வெளியான தம் நூலில் லெடர்மன் ஒரு படி மேலே சென்றார். ஒரு சமுதாயத்தின் சராசரிக் குடி உயர்ந்தால், அளவு மீறிக் குடிப்போரின் தொகையும் உடன் உயரும் என்றும், இவ்விரண்டையும் பிணைக்கும் கணிதச் சூத்திரம் உண்டென்றும் அவர் வாதிட்டார்.

அச்சூத்திரம் பின்னர் பலத்த திறனாய்வுக்கு உள்ளாயிற்று. அதன் கண்டிப்பான வடிவம் நிலைக்கவில்லை. எனினும் அடிப்படை எண்ணம் நின்றது. 1975இல் கெட்டில் புரூன் முதலான அறிஞர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகத்துடன் இணைந்து வெளியிட்ட நூல், மொத்த நுகர்வைக் கட்டுப்படுத்துவது பொதுச் சுகாதாரத்தின் கடமையென நிறுவியது.

போதை தரும் பொருளில் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்னும் நபிமொழிக் கோட்பாட்டை அறிந்த நமக்கு இம்முடிவு வியப்பளிக்கவில்லை. ஆனால் இதனை மார்க்கத்துக்குச் சான்றாக நிறுத்த நாம் முற்படவில்லை. சூத்திரங்கள் திருத்தப்படும், இறையாணை அவற்றைச் சார்ந்து நிற்பதன்று. நாம் கற்க வேண்டிய பாடம் அளவிடும் நேர்மையில் இருக்கிறது. அதற்குச் சோவியத் நாட்டின் அனுபவத்தைக் காண்போம்.

சோவியத் அரசு நெடுங்காலம் மது விற்பனையின் புள்ளிவிவரங்களை மறைத்து வந்தது. வெளியான அட்டவணைகளில் மது, ஏனைய உணவுப் பொருள்கள் என்ற தலைப்புக்குள் ஒளிந்திருந்தது. 1985 மே மாதத்தில் கோர்பச்சேவ் அரசு மதுவெதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. உற்பத்தி வெட்டப்பட்டது, விலை ஏறியது, கடைகள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகே மது விற்றன, திராட்சைத் தோட்டங்கள் அழிக்கப்பட்டன. ரஷ்யாவில் அரசு விற்பனை 1984இல் தலைக்கு 10.5 லிட்டராக இருந்தது, 1987இல் 3.9 லிட்டராகச் சரிந்தது. ஏட்டின்படி பாதிக்கு மேற்பட்ட குடி ஒழிந்துவிட்டது.

அதே காலத்தில் கடைகளில் சர்க்கரை தீர்ந்துபோயிற்று. வீடுகளில் சமகோன் எனப்படும் சாராயம் காய்ந்துகொண்டிருந்தது. அலெக்சாந்தர் நெம்ட்சோவ் என்ற மாஸ்கோ உளமருத்துவ ஆய்வாளர், விற்பனை ஏட்டை நம்பாமல் பிணவறை ஏட்டைப் புரட்டினார். விபத்திலும் வன்முறையிலும் மாண்டவர்களின் குருதியில் ஆல்கஹால் இருந்த விகிதத்தைக்கொண்டு உண்மை நுகர்வைக் கணித்தார். அவர் கணிப்பில் 1984இல் தலைக்கு ஏறத்தாழ 14 லிட்டர்; 1986இல் பத்தரை லிட்டர். அதாவது குடி பாதியாகவில்லை. கால் பங்கு குறைந்தது.

அந்தக் கால் பங்கு எளிய செய்தியா? ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1984இல் 61.7 ஆண்டுகளாக இருந்து 1987இல் 64.9 ஆண்டுகளாக உயர்ந்தது. இயக்கம் கைவிடப்பட்டு, நாடும் குலைந்தபின் 1994இல் அது 57.6 ஆண்டுகளாக வீழ்ந்தது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டெனினும் மதுவின் பங்கு பெரிது. விற்பனை ஏட்டை மட்டும் நம்பியவர் வெற்றியை மிகைப்படுத்தினார். சமகோனை மட்டும் கண்டவர் முழுத் தோல்வி என்றார். இருவரும் தவறினர். நேர்மையாக அளந்தவருக்கே காக்கப்பட்ட உயிர்கள் தெரிந்தன.

கண்ணுக்குத் தெரியும் விற்பனைக்கும் தெரியாத குடிக்கும் இடையிலான இவ்விடைவெளி இன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019இல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் உலகச் சராசரி நுகர்வு 5.5 லிட்டர், அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது. மக்களையே வீடுவீடாகக் கேட்டால் என்ன எனில், அவர்கள் கூறும் அளவைக் கூட்டினால் பெரும்பாலும் விற்பனையில் 40 முதல் 60 விழுக்காடே தேறுகிறது. நாணமும் மறதியும் மீதியை விழுங்கிவிடுகின்றன.

நம் நாட்டிலும் இதுவே நிலை. பீகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு வந்தது; விற்பனை ஏடு பூச்சியமாயிற்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலோ அம்மாநில ஆண்களில் 15.5 விழுக்காட்டினர் குடிப்பதாகத் தாமே கூறினர். அரசே சில்லறை விற்பனை நடத்தும் தமிழ்நாட்டில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவர்கள் அருந்தியது எந்த விற்பனைக் கணக்கிலும் இல்லை. சாவுக் கணக்கில்தான் இருக்கிறது.

முஸ்லிம்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பொன்று உண்டு. நம் மஹல்லாக்களில் குடி இல்லை என்று மேடைகளில் கூறிப் பழகிவிட்டோம். தேசியக் குடும்பநல ஆய்வு சமயவாரியாகத் தரும் அட்டவணையில் முஸ்லிம் ஆண்களின் விழுக்காடு ஏனையோரைவிடத் தாழ்ந்திருக்கிறது. இதற்காக இறைவனைப் புகழ்கிறோம். ஆயினும் அது பூச்சியமன்று. நாணம் மிகுந்த சமுதாயத்தில் மறைக்கப்படுவதும் மிகுதியாகவே இருக்கும் என்பதையும் மேலே கண்டோம். இல்லை என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், இருக்கின்ற ஒருவரின் மனைவியும் மக்களும் உதவி கேட்கும் வாயிலை நாமே அடைக்கிறோம். பிறர் குற்றங்களைத் துருவுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதும் உண்மை. பெயரைக் கேளாமல் தொகையை மட்டும் அறிய முயலும் ஆய்வு துருவுதல் ஆகாது; மருந்துக்கு முன் நாடி பார்ப்பதாகும்.

மதுவைப் பற்றிய திருக்குர்ஆன் வசனங்களுள் ஒன்று, மக்கள் கேட்ட கேள்விக்கு விடையாகவே அருளப்பட்டது. அதில் பயனும் பாவமும் ஒருங்கே வைத்து நிறுக்கப்பட்டுள்ளன. அத்தோழர்கள் கேட்கத் தயங்கவில்லை. நம் ஜமாஅத்துகளும் தம் மஹல்லாவைப் பற்றி அக்கேள்வியைக் கேட்கத் தொடங்க வேண்டும்.