கழற்றுபவரை நினைக்காத திருகு

ஹோண்டா கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் டிஸ்க்கின் முகத்தில் இரண்டு சிறிய திருகுகள் தெரியும். 6 மில்லிமீட்டர் மரை, கூட்டல் குறி வெட்டிய தலை. வீட்டு வாசலிலேயே டிஸ்க்கை மாற்றிவிடலாம் என்று உட்காருபவரைப் பாதி வேலையில் நிறுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். பல வருட வெப்பத்திலும் மழைநீரிலும் துருவேறி இறுகிப்போயிருக்கும். ஸ்டார் திருப்புளியை வைத்துத் திருப்பினால் சறுக்கும். இன்னும் அழுத்தினால் மறுபடியும் சறுக்கும். சற்று நேரத்தில் பள்ளத்தின் ஓரங்கள் மழுங்கி, பிடிமானமே இல்லாத கிண்ணமாகிவிடும். ‘தலை வழுக்கிடுச்சு’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

திருப்பியவரின் கையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அந்தத் தலையின் வடிவத்தை முடிவு செய்தவை போன நூற்றாண்டின் கார் தொழிற்சாலைகள். அவற்றின் கவலையெல்லாம் எவ்வளவு வேகமாக முடுக்கலாம் என்பதில்தான் இருந்தது. இருபது வருடம் கழித்து அதைக் கழற்றப்போகிறவர் அந்தக் கணக்கில் இல்லை.

மோட்டார் கார் பிறந்த காலத்தில் திருகின் தலையில் ஒற்றைக் கோடுதான். கையால் முடுக்கும் தச்சருக்கு அது போதும். நகரும் வரிசையில் காரைப் பூட்டும் தொழிலாளிக்குப் போதாது. திருப்புளியின் முனை பக்கவாட்டில் நழுவி, பெயின்டைக் கீறும், கையைக் குத்தும். கனடாவின் பி.எல். ராபர்ட்சன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். தலையில் சதுரப் பள்ளம் அமைத்து, 1908-ல் ஒண்டாரியோ மாகாணத்தின் மில்டன் ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். திருப்புளியின் முனையில் மாட்டினால் திருகு கீழே விழாது. ஒற்றைக் கையாலேயே முடுக்கலாம். கனடாவில் தயாரான ஃபோர்டு மாடல் டி கார்களின் உடல் பாகங்களைப் பூட்ட அது உதவியது. ஹென்றி ஃபோர்டு தயாரிப்பு உரிமையில் பங்கு கேட்டபோது ராபர்ட்சன் மறுத்தார். இங்கிலாந்தில் உரிமம் கொடுத்துக் கைசுட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. அந்த மறுப்போடு சதுரப் பள்ளம் பெரும்பாலும் கனடாவுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அமெரிக்கச் சந்தையைப் பிடித்தது வேறொரு தலை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவர் உருவாக்கிய சிலுவைப் பள்ளத்தின் உரிமையை வாங்கித் திருத்தி, 1936-ல் காப்புரிமைகள் பெற்றார். ராபர்ட்சனைப் போல எல்லாவற்றையும் தானே செய்ய அவர் முயலவில்லை. உரிமம் கொடுக்கும் வழியில் போனார். ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரிலிருந்த அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனி அதைத் தயாரித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கேடிலாக் கார்களில் முதலில் பயன்படுத்திப் பார்த்தது. சில வருடங்களிலேயே அமெரிக்காவின் பெரும்பாலான கார் கம்பெனிகள் அதற்கு மாறிவிட்டன.

காரணம் எளிது. கூம்பாக இறங்கும் பள்ளத்தில் திருப்புளி தானாகவே நடுவில் போய் உட்கார்ந்துவிடும். தொழிலாளி குறி பார்க்க வேண்டியதில்லை; மோட்டார் திருப்புளியையும் நம்பிப் பயன்படுத்தலாம். ஆனால் திருப்புளியை நடுவில் சேர்க்கும் அதே சரிவுதான் வெளியே தள்ளவும் செய்கிறது. திருப்பும் விசை கூடும்போது அதன் ஒரு பகுதி சரிந்த சுவர்களில் ஏறி, முனையை மேலே உந்துகிறது. வரிசையில் நிற்பவருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை; புதுத்திருகு எளிதாக இறுகிவிடும். துருப்பிடித்த திருகைத் திருப்பத் தேவையான விசை பல மடங்கு என்பதால், சறுக்கலின் தண்டனை முழுவதும் கழற்றுபவரின் தலையில் விழுகிறது.

ஜப்பானில் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. அங்கே தங்கள் தொழில் தரநிலைப்படி சிலுவைப் பள்ளத்தைச் சற்று மாற்றி வெட்டினார்கள். பார்வைக்கு ஃபிலிப்ஸ் போலவே இருக்கும். கோணத்திலும் மூலை வளைவிலும் சிறு வித்தியாசம். ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காது, ஓரத்தைத் தின்றுவிடும். பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் அலுமினிய இன்ஜின் மூடிகளில் இந்தத் திருகுகள் வழுக்கியது உலகம் முழுக்க பிரசித்தம். 1983-ல் சுசுகி கூட்டோடு மாருதி 800 வந்தபோது, ஜப்பானியத் திருகுகளோடு பழக வேண்டிய கட்டாயம் நம் ஊர் மெக்கானிக் கடைகளுக்கும் வந்தது.

1967-ல் அமெரிக்காவின் காம்கார் டெக்ஸ்ட்ரான் ஆறு இதழ் கொண்ட டோர்க்ஸ் தலையைக் கொண்டுவந்தது. அதன் சுவர்கள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பதால் உந்தித் தள்ளும் விசை குறைவு. இப்போதைய கார்களில் இந்த டோர்க்ஸ் தலையும் ஆலன் கீ தலையும் நிறையவே உண்டு. ஆனாலும் சிலுவை ஒழிந்துவிடவில்லை.

சறுக்கல் பெருகப் பெருக, கழற்றுபவர்களும் தங்களுக்கான கருவிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். டென்மார்க்கிலிருந்து குடியேறிய கொல்லர் வில்லியம் பீட்டர்சன், நெப்ராஸ்காவின் டிவிட் ஊரில் பூட்டிக்கொள்ளும் இடுக்கியை உருவாக்கினார். வைஸ் கிரிப் என்று நம் பட்டறைகள் அழைப்பது அதைத்தான். 1953-ல் சான் டியாகோவின் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி ஈரத்தை விரட்டும் திரவம் ஒன்றைத் தேடியது. முப்பத்தொன்பது கலவைகள் தோற்று நாற்பதாவது வென்றதால் அதற்கு டபிள்யூடி-40 என்று பெயர். ஏவுகணையின் வெளித்தகட்டுக்காகப் பிறந்தது, துருவேறிய மரைகளுக்கும் வந்துசேர்ந்தது. இவற்றோடு கை இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று உண்டு. அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் அடித்தால், அந்த அடியே முனையை ஆழ அழுத்தி, அதே நொடியில் திருப்பவும் செய்யும். சரிவு மேலே தள்ளும் விசையை சுத்தியலின் அடி அமுக்கிவிடுகிறது. சிலுவைத் தலையின் குறையை அடிவேரிலேயே எதிர்கொள்ளும் கருவி இதுதான்.

டிஸ்க் திருகுக்கு வழி இதுதான்: காரை ஜாக்கில் மட்டும் விடாமல் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பள்ளத்தைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெயைச் சில சொட்டு மட்டும் விட்டு ஊறவிட வேண்டும். டிஸ்க்கின் உராயும் பரப்பிலோ பிரேக் பேடிலோ அது படக்கூடாது. 2-ம் எண் முனையை வைத்து ஆரம்பிப்பது பலரும் செய்யும் பிழை. இங்கே தேவை 3-ம் எண். அதை இம்பாக்ட் டிரைவரில் மாட்டி அடித்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். தலை முன்பே வழுக்கியிருந்தால், கூர் உளியை ஓரத்தில் சாய்த்து வைத்து, இடஞ்சுழியாகத் தட்டிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால், தலையைத் துளையிட்டு எடுத்துவிடலாம். தலை போனதும் டிஸ்க் விடுபடும். மீதி நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸ் கிரிப்பால் பற்றிச் சுழற்றலாம்.

தலையை அழிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் சக்கரம் மாட்டும்வரை டிஸ்க் நழுவாமல் இருக்கத்தான் பெரும்பாலும் அந்தத் திருகு. சக்கர நட்டுகளை முறைப்படி முடுக்கிய பிறகு டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிப் பிடிப்பவை அந்த நட்டுகளே. பல கார்களில் இந்தத் திருகே கிடையாது. மீண்டும் பொருத்தும்போது பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதுத் திருகின் மரையில் இறுகாமல் தடுக்கும் செம்பு கிரீஸ் தடவி, அளவாக முடுக்கினால், அடுத்த முறை டிஸ்க் மாற்றுபவருக்கு வேலை எளிதாகும்.