நளன் கற்ற எண்ணும் போக்கர் சீட்டும்

காவிரியின் கிளையாறான அரசலாறு காரைக்காலில் கடலோடு கலக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, நெல்வயல்களின் நடுவே அமைந்துள்ளது திருநள்ளாறு. சூதில் நாடிழந்த நளன் இவ்வூர்த் தீர்த்தத்தில் நீராடித் துயர் நீங்கினான் என்பது இத்தலத்து வரலாறு. நளன் தீர்த்தம் என்றே அக்குளம் இன்றும் வழங்குகிறது.

நளன் கதையைப் பலரும் பக்திக் கதையாகவே அறிவர். ஆனால் கணிதம் பயில்வோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அதில் உண்டு. நளன் தன் தம்பி புட்கரனுடன் இருமுறை சூதாடினான். முதன்முறை அனைத்தையும் தோற்றான். மறுமுறை அனைத்தையும் மீட்டான். ஆள் அதே ஆள், எதிராளியும் அவனே. இடையில் மாறியது என்ன? கதை சொல்லும் விடை: நளன் எண்ணக் கற்றுக்கொண்டான்.

அதிர்ஷ்டம் ஆளும் ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டா? உண்டெனில் எவ்வளவு? அது வெளிப்பட எத்தனை ஆட்டம் ஆட வேண்டும்? இவற்றை வரிசையாகக் காண்போம்.

தான்றி மரத்தடியில்

மகாபாரதத்தின் வனபர்வத்தில் இக்கதை வருகிறது. நாடிழந்த நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் உருமாறித் தேரோட்டியாகப் பணிபுரிகிறான். ஒருநாள் இருவரும் விதர்ப்ப நாட்டுக்கு விரைந்து செல்கின்றனர். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், அதன் இரு கிளைகளில் ஐந்து கோடி இலைகளும் 2,095 காய்களும் உள்ளன என்று சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. வியந்து கேட்ட நளனிடம், தான் எண்ணிக்கையில் வல்லவன் என்றும், சூதின் நுட்பத்தை அறிந்தவன் என்றும் மன்னன் கூறுகிறான். அந்நுட்பத்தை நளனுக்குக் கற்பித்து, அதற்கு ஈடாகக் குதிரை நூலைக் கற்றுக்கொள்ள இசைகிறான்.

பண்டைய இந்தியாவில் தான்றிக் காய்களையே சூதாடு காய்களாகப் பயன்படுத்தினர் என்பது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. கானடா நாட்டு அறிஞர் இயன் ஹேக்கிங், நிகழ்தகவின் தோற்றம் பற்றி 1975-இல் வெளியிட்ட நூலில் இக்கதையை எடுத்துக் காட்டுகிறார். சூதின் அறிவும், முழுவதும் எண்ணாமலே மதிப்பிடும் அறிவும் ஒரே கலையின் இரு பகுதிகள் என்று கதை சொன்னவர் கருதியிருக்கிறார். இன்றைய புள்ளியியலும் அதையே சொல்கிறது.

திண்ணையில் ஒரு கணக்கு

இருதுபன்னன் கற்பித்த பாடம் என்ன என்பதைக் கதை விளக்கவில்லை. ஆனால் நம் வீட்டுத் தாயக்கட்டையைக் கொண்டு ஒரு பாடம் நாமே கற்கலாம்.

தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரு புள்ளி, மூன்று புள்ளி, வெறுமை. இரண்டையும் உருட்டினால் 1, 2, 3, 4, 5, 6 ஆகியவற்றுள் ஒன்று விழும்; இரண்டும் வெறுமையானால் 12. ஆக ஏழு விளைவுகள். ஏழும் ஒரே அளவில் விழும் என்று எண்ணுவது இயல்பு. அது தவறு.

முதற் கட்டைக்கு நான்கு வழி, இரண்டாவதற்கு நான்கு வழி. மொத்தம் 16 வழிகள். இவற்றுள் மூன்று விழ 4 வழிகள் உள்ளன. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள். தாயத்துக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றுதான். அரிதாக விழும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கே மறுபடி உருட்டும் உரிமையை ஆட்டவிதி தருகிறது என்பதைக் கவனிக்கவும்.

இப்போது ஒருவர், "விளைவுகள் ஏழு, நான் சொன்ன எண் விழுந்தால் எனக்கு ஆறு காசு கொடு, விழாவிட்டால் நான் ஒரு காசு தருகிறேன்" என்கிறார் எனக் கொள்வோம். எந்த எண்ணைச் சொல்வார் என்பது அவர் மனம் போன போக்கு. அவர் பன்னிரண்டு என்றால், சராசரியாக 16 உருட்டலில் நமக்கு 15 காசு வரவு, 6 காசு செலவு; ஆதாயம் 9 காசு. அவர் தாயம் என்றால் 14 காசு வரவு, 12 காசு செலவு. ஆதாயம் 2 காசு. ஆனால் மூன்று என்றால் 12 காசு வரவு, 24 காசு செலவு. 12 காசு நட்டம்!

கணக்கு அறியாத எதிராளியிடம் எப்போதும் ஆதாயம்தான் என்று நினைப்பது பிழை என்பது இதனால் விளங்கும். அவர் குருட்டாம்போக்கில் நல்ல எண்ணையும் சொல்லிவிடலாம். அவர் அடுத்து என்ன சொல்வார் என்று ஊகிக்கவும் இயலாது. செய்யக்கூடியது ஒன்றே: 1, 5, 6, 12 என்றால் பந்தயத்தை ஏற்பது, 2, 3, 4 என்றால் மறுப்பது. திறமை என்பது கட்டையை உருட்டுவதில் இல்லை. ஏற்பதிலும் மறுப்பதிலும் இருக்கிறது.

ஐரோப்பாவில் பிறந்த கணிதம்

இக்கணக்கு முறையான கணிதமாக வளர்ந்தது ஐரோப்பாவில். மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை ஒன்பதைவிடப் பத்துச் சற்று அதிகமாக விழுவதைச் சூதாடிகள் கண்டனர். காரணத்தை விளக்கியவர் கலிலியோ: 216 வழிகளில் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும், இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதங்கள் வழியே ஆராய்ந்தனர். 1657-இல் ஹைகன்ஸ் இத்துறையில் நூல் வெளியிட்டார். யாக்கோபு பெர்னூலி மறைந்தபின் 1713-இல் வெளியான அவரது நூல், நமக்கு மிகத் தேவையான உண்மையைச் சொன்னது: ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, கிடைக்கும் விகிதம் உண்மையான நிகழ்தகவை நெருங்கும்.

வரம்புள்ள பந்தயம்

திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த ஆட்டங்களுள் அறிஞர்கள் மிகுதியாக ஆராய்ந்தது போக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவிய சீட்டாட்டம் இது. இன்று பெரிதும் ஆடப்படும் முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள்; நடுவில் ஐந்து பொதுச்சீட்டுகள் கட்டம் கட்டமாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். பந்தயத் தொகை முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தால் அது 'லிமிட் போக்கர்'.

உங்கள் இரு சீட்டுகளும் ஆர்ட்டின். திறந்த நான்கு பொதுச்சீட்டுகளில் இரண்டு ஆர்ட்டின் என்று கொள்வோம். இன்னும் ஓர் ஆர்ட்டின் வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேரும், வெற்றி உங்களுடையது. நீங்கள் காணாத சீட்டுகள் 46. அவற்றுள் ஆர்ட்டின் 9. ஈடு கட்ட ஒரு ரூபாய் வேண்டும். நடுவில் 6 ரூபாய் சேர்ந்திருந்தால், 46 முறையில் வரவு 54, செலவு 37, ஆட்டத்தில் தொடரலாம். மூன்று ரூபாய்தான் என்றால் வரவு 27, செலவு 37, விலகுவதே சரி. தாயக்கட்டைப் பாடம் இங்கும் மாறவில்லை.

கையில் நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் பந்தயம் கட்டி எதிராளியை விலகச் செய்வதற்குப் 'பிளஃப்' என்று பெயர். போக்கரின் உயிரே அதுதான் என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் எதையும் கவிழ்க்காமல் கடைசிவரை ஈடு கட்டும் கற்றுக்குட்டியிடம் அது பலிக்காது. நடுவில் 4 ரூபாய் இருக்கையில் ஒரு ரூபாய் கட்டிப் பிளஃப் செய்கிறீர்கள். பத்தில் ஒருமுறைதான் அவர் விலகுவார் என்றால், 4 ரூபாய் வரவு, 9 ரூபாய் செலவு. அவரிடம் நடிப்புச் செல்லாது. சற்றே நல்ல சீட்டு இருக்கும்போது கட்டுவதும், இல்லாதபோது விலகுவதுமே போதும்.

1928-இல் ஜான் ஃபான் நாய்மன் ஆட்டக் கோட்பாட்டுக்கு அடிகோலினார். 1944-இல் மார்கன்ஸ்டர்னுடன் எழுதிய நூலில் போக்கரையும் ஆராய்ந்தார். 2015-இல் கானடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இருவர் ஆடும் லிமிட் போக்கரை நடைமுறையில் முழுமையாகத் தீர்த்ததாக அறிவித்தனர். 'செஃபியஸ்' என்னும் அவர்களது கணிப்பொறி நிரலை நெடுநாள் ஆடியும் எவரும் வெல்ல இயலாது. ஆனால் அது எதிராளியின் பலவீனத்தைத் தேடிப் பயன்படுத்துவதில்லை. தோற்காமல் ஆடுவது வேறு; பலவீனரிடம் மிகுதியாகப் பெறுவது வேறு.

ஒன்று, நூறு, ஆயிரம்

இனி முக்கியமான கேள்வி. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு ரூபாய் பந்தயம். நூற்றுக்கு 55 முறை வெல்லும் திறமை ஒருவருக்கு இருப்பதாகக் கொள்வோம். இது பெரிய திறமைதான். ஒரே ஓர் ஆட்டம் ஆடினால் அவர் தோற்கும் வாய்ப்பு 45 விழுக்காடு. நூறு ஆட்டம் ஆடியும் முடிவில் நட்டத்தில் நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழில் ஒன்று. ஆயிரம் ஆட்டம் ஆடினால் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

திறமை தரும் ஆதாயம் சிறிது. அது பல சிறு பந்தயங்களில்தான் வெளிப்படும். கையிலுள்ள அனைத்தையும் ஒரே உருட்டலில் வைப்பவன், தன் திறமையைத் தானே அதிர்ஷ்டத்திடம் ஒப்படைத்துவிடுகிறான். நளன் முதன்முறை செய்தது இதற்கு நெருங்கியது. தோற்கத் தோற்கப் பந்தயத்தைப் பெருக்கினான். பொன், தேர், நாடு எல்லாம் போயின. மறுமுறை ஒரே ஆட்டத்தில் அனைத்தையும் மீட்டான் என்கிறது கதை. கேட்போர்க்கு அது இனிய முடிவு. பெர்னூலியின் கணக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்ளாது. எண் கற்ற நளனும் அந்த ஓர் ஆட்டத்தில் தோற்றிருக்கலாம்.

மேசையில் மூன்றாவது ஆள்

இன்னொரு கணக்கும் உண்டு. ஆட்டம் நடத்தும் கிளப்போ நிறுவனமோ கழிவு எடுக்கும். மேற்சொன்ன ஆட்டத்தில் இருவர் ரூபாயும் சேர்ந்து இரண்டு. அதில் பத்திலொரு பங்கு, அதாவது 20 காசு, கழிவு என்க. திறமையாளர் 55 வெற்றியில் 80 காசு வீதம் 44 ரூபாய் பெறுவார். 45 தோல்வியில் 45 ரூபாய் இழப்பார். நூறு ஆட்ட முடிவில் அவருக்கே ஒரு ரூபாய் நட்டம்! எதிராளிக்கு 19 ரூபாய் நட்டம். இருபது ரூபாயும் சீட்டைத் தொடாதவரிடம் போய்ச் சேரும்.

சட்டமும் இதைக் கவனித்துள்ளது. ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்று சீட்டு ஆட்டத்தை வெறும் அதிர்ஷ்டம் என்றது. கிளப் நடத்துபவர் ஆட்டத்தால் ஆதாயம் பெற்றால் குற்றமாகலாம் என்பதையும் குறிப்பிட்டது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின் அப்பகுதியை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, இணையவழியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் தடை செய்தது. திறமை ஆட்டம் என்ற சொல் உண்மையே ஆனாலும், அது ஆடுவோர் அனைவருக்கும் ஆதாயம் என்று பொருள்படாது. ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே. கழிவையும் சேர்த்தால் மொத்தத்தில் எல்லோருக்கும் நட்டமே. திருவள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியதன் நியாயம் இக்கணக்கிலும் தெரிகிறது.

வயலுக்கு வந்த கலை

இருதுபன்னனின் கலைக்கு நட்டமில்லாப் பயன் ஒன்று உண்டு. இந்தியாவில் மகலனோபிசும் சுகாத்மேயும் 1940-களில் மாதிரிக் கணிப்பு முறையைப் பயிர் மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தனர். இன்றும் தஞ்சை வட்டாரத்தில் அறுவடையின்போது, குலுக்கல் முறையில் வயல்களைத் தேர்ந்து, 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட துண்டில் மட்டும் நெல்லை அறுத்து எடை போடுகின்றனர். அச்சிறு துண்டுகளிலிருந்து வட்டாரத்தின் விளைச்சல் கணிக்கப்படுகிறது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் அதைக் கொண்டே முடிவாகிறது. ஒரு துண்டு ஏமாற்றலாம். பல துண்டுகளின் சராசரி எளிதில் ஏமாற்றாது. சூதாடு களத்தில் ஒருவன் நட்டத்தில் மற்றவனுக்கு ஆதாயம் தேடித் தந்த அதே எண்ணறிவு, நெற்களத்தில் எவரையும் தோற்கடிக்காமல் உழவனுக்கு உரியதை அளந்து தருகிறது.